பேரரசரின் கால்வார்

வேட்டைக்குப் பழக்கிய வல்லூறின் ஒவ்வொரு காலிலும் மெல்லிய தோல்வார் ஒன்று கட்டப்பட்டிருக்கும். பறவை கையுறையின்மீது அமர்ந்திருக்கும்போது அந்த இரு வார்களின் நுனிகளையும் வளர்ப்பவர் தம் விரல்களுக்கிடையே பற்றியிருப்பார். இரை தென்பட்டதும் விரல்கள் தளரும். கால்வார்கள் காலிலேயே இருக்க, பறவை வானில் ஏறும். அந்தக் கணத்துக்குப் பிறகு அது திரும்பி வருமா, வராதா என்பது முழுக்க முழுக்கப் பறவையின் விருப்பம்.

இந்தக் கால்வாருக்கு இடைக்கால லத்தீனில் வழங்கிய பெயர், எறிதல் அல்லது ஏவுதல் என்னும் பொருளுள்ள வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. கட்டிவைக்கும் கருவிக்கு விடுவிக்கும் செயலே பெயராயிற்று. வல்லூறுகள் இதைக்கொண்டே வேட்டைக்கு ஏவப்படுவதால் இப்பெயர் வந்தது என்று விளக்கியவர் ஓர் இலக்கண ஆசிரியரோ வேட்டைக்காரரோ அல்லர். ஜெர்மனி, வட இத்தாலி, சிசிலி, ஜெருசலேம் ஆகியவற்றின் முடிகளைத் தம் தலையில் சுமந்த புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்.

பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலையைப் பற்றி அவர் எழுதிய ஆறு பாகங்கள் கொண்ட லத்தீன் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1943-இல் வெளிவந்தது. அதை வாசிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வந்திருக்கிறது. ஒரு பறவையிடம் இவ்வளவு பொறுமை காட்டத் தெரிந்த மனிதர், தம்மை அண்டியிருந்த மனிதர்களிடம் அதை ஏன் காட்டவில்லை? அவருடைய வாழ்க்கையை அந்த நூலின் வழியாகவே பார்த்தால் ஒருவேளை விடை கிடைக்கலாம்.

பிரெடரிக் 1194 டிசம்பர் 26-ஆம் நாள் இத்தாலியின் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள யேசி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை, பேரரசர் ஆறாம் ஹென்றி. தாய், சிசிலி அரச குலத்து கான்ஸ்டன்ஸ். மூன்று வயது நிறைவதற்குள் தந்தை இறந்தார். 1198-இல் குழந்தைக்குச் சிசிலி அரசனாக முடிசூட்டிய தாயும் அந்த ஆண்டிலேயே காலமானார். போப் மூன்றாம் இன்னசென்ட் பெயரளவில் பாதுகாவலராக இருக்க, பலெர்மோ அரண்மனையில் அச்சிறுவன் போட்டிக் குழுக்களின் கையில் மாறிமாறிச் சிக்கினான்.

1201-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மார்க்வார்ட் என்னும் ஜெர்மானியத் தளபதி அரண்மனையைக் கைப்பற்றினார். தன்னைப் பிடிக்க வந்தவர்கள்மீது ஏழு வயதுகூட நிறையாத அச்சிறுவன் பாய்ந்தான் என்றும், தப்ப வழியில்லை என்றறிந்ததும் தன் ஆடைகளைக் கிழித்துத் தன் உடலையே நகங்களால் கீறிக்கொண்டான் என்றும் அக்காலக் கடிதமொன்று பதிவுசெய்துள்ளது.

புதிதாகப் பிடிக்கப்பட்ட வல்லூறும் ஏறத்தாழ இதையே செய்யும். மனித முகத்தைக் கண்டதும் கையுறையிலிருந்து தலைகீழாகப் பாயும். கால்வார் இழுத்துப் பிடிக்க, சிறகுகளை அடித்துக்கொண்டு தொங்கும். அந்நேரத்தில் அதை எப்படி மெல்லத் தாங்கித் தூக்கிக் கையில் மீண்டும் அமர்த்த வேண்டும், பாய்ச்சலுக்கான காரணத்தை எப்படிக் கண்டறிய வேண்டும் என்பதற்குப் பிரெடரிக் தம் நூலில் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது பலெர்மோவின் அச்சிறுவனை என்னால் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

நூலின் இரண்டாம் பாகத்தில் கருவிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கால்வார் மென்மையாகவும் உறுதியாகவும் இருக்கும் தோலில் செய்யப்பட வேண்டும். அதன் முனை ஒரு சுழல் வளையத்தில் கோக்கப்படும். இரு வளையங்கள் ஒன்றையொன்று சாராமல் சுழல்வதால், பறவை எத்தனை முறை திரும்பினாலும் வார் முறுக்கிக்கொள்ளாது. அந்த வளையத்திலிருந்து செல்லும் நெடுவார், பறவையை அதன் இருக்கைக் கட்டையோடு பிணைக்கும். காலில் கட்டும் சிறுமணி, இரையோடு புதருக்குள் இறங்கிவிட்ட பறவை இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். பறவையின் கூரிய நகங்களிலிருந்து மனிதக் கையைக் காப்பது தடித்த தோல் கையுறை. வானில் இருக்கும் பறவையைத் திரும்ப அழைப்பதற்கு, சிறகுகளைக் கட்டி இறைச்சி பொருத்திய பொய் இரை.

இந்தக் கருவிகளில் எதுவும் பறவையை அடித்துப் பணியவைப்பதற்கானது அல்ல. வல்லூறுக்குத் தண்டனை புரியாது. அடித்தால் அதன் நினைவில் எஞ்சுவது அடித்தவரின் முகம் மட்டுமே. அடுத்த முறை விடுவிக்கப்பட்டதும் அது திரும்பாது. ஆகவேதான், வல்லூறு வளர்ப்பவர் சினம் கொள்பவராக இருக்கக் கூடாது, குடிப்பழக்கம் இருக்கக் கூடாது, சோம்பலும் ஆழ்ந்த உறக்கமும் ஆகாது என்று பிரெடரிக் விதிக்கிறார். உணவூட்டும்போதெல்லாம் ஒரே இசைக்குரலை எழுப்பி, அந்தக் குரலையும் உணவையும் பறவையின் மனத்தில் ஒன்றாக்க வேண்டும் என்கிறார். பல நாள்கள், பல இரவுகள் நீளும் பணி அது.

அதே வேளையில், இக்கலையின் கொடுமையையும் மறைக்க வேண்டியதில்லை. அன்றைய ஐரோப்பாவில் புதிதாகப் பிடித்த வல்லூறின் கீழ் இமைகளை நூலால் தைத்து மேலே இழுத்துக் கட்டுவார்கள். பார்வை மறைந்த பறவைக்கு அச்சம் குறையும். பழகப் பழக நூல் சிறிது சிறிதாகத் தளர்த்தப்படும். பிரெடரிக்கின் நூலும் இம்முறையை விரிவாகவே கற்பிக்கிறது. ஆனால், கீழை நாடுகளில் அரேபியர்கள் இதே நோக்கத்துக்குத் தோலால் செய்த தலையுறையைப் பயன்படுத்துவதை அவர் அறிந்தார். அதைத் தாமும் கையாண்டு ஐரோப்பாவில் பரவச் செய்தார். பறவை மூச்சுவிட எளிதாக அதில் துளைகளையும் சேர்த்தார். நினைத்தபோது அணிவித்து நினைத்தபோது கழற்றலாம். ஊசியின் வேலை குறைந்தது.

தலையுறையை அவர் பெற்ற உலகத்தோடுதான் அவருடைய அரசியல் வாழ்வின் உச்சமும் இணைந்திருக்கிறது. 1212-இல் ஜெர்மனிக்குச் சென்று மணிமுடிக்கு உரிமை கோரினார். 1215-இல் சிலுவைப் போருக்குச் செல்வதாகச் சூளுரைத்தார். 1220-இல் ரோமில் பேரரசராக முடிசூடினார். 1224-இல் நேப்பிள்ஸில் பல்கலைக்கழகம் நிறுவினார். சிலுவைப் பயணம் மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. 1227-இல் கப்பலேறியவர் நோயுற்றுத் திரும்பியதும், பொறுமையிழந்த போப் ஒன்பதாம் கிரிகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். விலக்கப்பட்ட நிலையிலேயே அடுத்த ஆண்டு மீண்டும் புறப்பட்டார்.

அவரிடம் பெரும்படை இல்லை. எகிப்தின் சுல்தான் அல்-கமீலுக்கோ தம் உறவினர்களோடு பகை. இருவரும் தூதர்கள் மூலம் மாதக்கணக்கில் பேசினார்கள். 1229 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜெருசலேமும் பெத்லகேமும் நாசரேத்தும் கிறிஸ்தவர்களிடம் வந்தன. ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலும் பாறைக் குவிமாடமும் முஸ்லிம்களிடமே இருந்தன. போர் நிறுத்தத்துக்குப் பத்தாண்டு தவணை. பெரும்போர் எதுவுமின்றி, முந்தைய சிலுவைப் போர்கள் பலவற்றால் முடியாத ஒன்று நிகழ்ந்தது. இரு தரப்பிலும் தீவிரர்கள் அதை வெறுத்தார்கள். ஆக்கர் துறைமுகத்தில் பிரெடரிக் கப்பலேறியபோது கசாப்புக் கழிவுகளை அவர்மீது வீசினார்கள்.

வல்லூறு வளர்ப்பவரின் குணங்கள் அனைத்தும் அவருடைய அரசியலில் தெரிந்தது அந்தச் சில மாதங்களில்தான் என்பது என் எண்ணம். எதிரியை வென்று பணியவைக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, அவருக்கும் தமக்கும் பயன்படும் ஒரு புள்ளியை அவர் தேடினார். சுல்தானுடனான நட்பு பின்னரும் நீடித்தது. எகிப்திலிருந்து வந்த பரிசுகளுள் யானை ஒன்றும் வெள்ளைக் காக்கட்டூ கிளி ஒன்றும் இருந்தன. ஆஸ்திரேலியத் தீவுப் பகுதியைச் சேர்ந்த அந்தக் கிளியின் உருவம் அவருடைய நூலின் சுவடியில் வரையப்பட்டிருக்கிறது. ஐரோப்பியர்கள் அந்தக் கடல்களுக்குச் செல்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, வணிகர்கள் கைமாறிக் கைமாறி அந்தப் பறவை மத்தியதரைக் கடலை அடைந்திருக்கிறது.

அறிவுத் துறையிலும் அவரிடம் இதே பொறுமையைக் காண்கிறேன். மூவாயிரம் மைல் தொலைவிலிருந்து வந்த செய்தியானாலும், பேரறிஞர் சொன்னதானாலும் சோதித்துப் பார்க்காமல் அவர் ஏற்கவில்லை. அரிஸ்டாட்டிலின் விலங்கு நூல்களை மைக்கேல் ஸ்காட் லத்தீனில் பெயர்த்திருந்தார். அந்த மாமேதையையே, வல்லூறு வேட்டையில் பழக்கம் இல்லாதவர் என்று சுட்டிக்காட்டிப் பல இடங்களில் பிரெடரிக் மறுத்தார். கழுகுகள் பிணத்தை மோப்பத்தால் அறிகின்றனவா, பார்வையாலா என்று அறிய அவற்றின் கண்களை மறைத்து இறைச்சியை முன்னே இட்டார். அவை உண்ணவில்லை, பார்வையே வழிகாட்டி என்று முடிவுகட்டினார். வடகடலின் ஒருவகை வாத்து மரக்கட்டையிலிருந்து பிறக்கிறது என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. தூதர்களை அனுப்பி அந்தக் கட்டைகளை வரவழைத்தார். ஒட்டியிருந்த சிப்பிகளில் பறவையின் உருவம் எதுவும் இல்லை. அவற்றின் கூடுகளை மனிதர்கள் பார்க்காததால் எழுந்த கதை என்று எழுதினார்.

இந்த நூலுக்காக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் சிந்தித்திருக்கிறார். 1240-41-இல் ஃபாயென்சா நகரை முற்றுகையிட்டிருந்த நாள்களில்கூட, அந்தியோக்கின் தியடோர் அரபியிலிருந்து மொழிபெயர்த்த வேட்டைப் பறவை நூலொன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். 1239-40-ஆம் ஆண்டுகளின் அரசுப் பதிவேட்டில், வரியும் கோட்டையும் பற்றிய ஆணைகளுக்கு நடுவே, எந்த வல்லூறு நலமாக இருக்கிறது, எது சிறகுதிர்க்கிறது என்று கேட்கும் கடிதங்களும் இடம்பெற்றன.

ஆனால், அவருடைய வாழ்வின் மறுபக்கம் வேறு வகையானது. சிசிலியின் முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை ஆயிரக்கணக்கில் தாய்மண்ணிலிருந்து பெயர்த்துத் தென் இத்தாலியின் லூசேரா நகரில் குடியமர்த்தினார். அங்கே தொழுகைக்கு உரிமை தந்தார். சிசிலிக்குத் திரும்பும் உரிமையைத் தரவில்லை. 1231-இல் அவர் வெளியிட்ட மெல்ஃபிச் சட்டத் தொகுப்பு, அக்காலத்துக்கு வியப்பூட்டும் நிர்வாக ஒழுங்கைக் கொண்டது. மதக் கொள்கையில் மாறுபட்டோருக்கு மரண தண்டனையையும் அதே தொகுப்புதான் விதித்தது.

மூத்த மகன் ஹென்றி, ஜெர்மனியில் தந்தையின் பெயரால் ஆண்டவன். தந்தையின் கொள்கையோடு முரண்பட்டு 1234-இல் கலகம் செய்தான். அடுத்த ஆண்டு சரணடைந்தவனைப் பிரெடரிக் மன்னிக்கவில்லை. ஏழு ஆண்டுகள் கோட்டை கோட்டையாகச் சிறை மாற்றப்பட்ட அவன் 1242-இல் இறந்தான். சிறை மாற்றத்தின்போது குதிரையோடு பள்ளத்தில் பாய்ந்து உயிரை மாய்த்துக்கொண்டான் என்று சொல்லப்படுகிறது. கால்வாரை இழுத்துப் பிடித்தே வைத்திருந்தால் பறவை என்னவாகும் என்பதை அறிந்தவரின் மகன் அவன்.

போப்புடனான பகை முற்றியது. 1239-இல் மீண்டும் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1245-இல் லியோன் பேரவையில் போப் நான்காம் இன்னசென்ட் அவரைப் பேரரசர் பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். 1247-இல் பார்மா நகரம் அவருக்கு எதிராகத் திரும்பியது. அதைச் சுற்றிவளைத்து, வெற்றி என்னும் பொருள்பட விட்டோரியா என்று பெயரிட்டு ஒரு மரநகரத்தையே முற்றுகைப் பாசறையாக எழுப்பினார். பார்மாவை அழித்துவிட்டு அந்தப் பாசறையை நகரமாக்குவது அவருடைய திட்டம்.

1248 பிப்ரவரி 18 அன்று காலை, அவர் வல்லூறுகளோடு வேட்டைக்குச் சென்றிருந்தார். பட்டினியில் வாடிய பார்மா மக்கள் கதவுகளைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார்கள். விட்டோரியா எரிந்தது. கருவூலமும் மணிமுடியும் பறிபோயின. அவர் பொறுமையால் ஜெருசலேமைப் பெற்ற அதே தேதியில், சரியாகப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, வன்மத்தால் எழுப்பிய நகரத்தை இழந்தார்.

அந்தக் கொள்ளையில் அவருடைய வேட்டை நூலின் அழகிய சுவடி ஒன்றும் போயிற்று. 1260-களில் மிலான் வணிகர் ஒருவர் அதை ஆன்ஷூ நாட்டுச் சார்லஸுக்கு அளிக்க முன்வந்தார். அதன் பிறகு அந்தச் சுவடியைப் பற்றிய தடயம் இல்லை. இன்று வாடிகன் நூலகத்தில் இருப்பது, மகன் மன்ஃபிரெட் தந்தையின் முதலிரு பாகங்களைத் திருத்தி எழுதுவித்த படி. அதன் பக்க ஓரங்களில் நூற்றுக்கணக்கான பறவைகள் வண்ணத்தில் பறக்கின்றன. இணையத்தில் அதன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், வல்லூறின் காலில் கால்வாரும் சுழல் வளையமும் எங்கே பொருந்தியிருக்கின்றன என்பதுகூடத் தெரிகிறது. பிற பாகங்கள் வேறு சுவடிகளின் வழியே நமக்குக் கிடைத்தன.

பார்மாவுக்குப் பிறகு பேரரசர் யாரையும் நம்பவில்லை. அவருடைய ஆணைகளுக்கு மொழி தந்தவர், கால் நூற்றாண்டுக் காலம் உடனிருந்த அமைச்சர் பியேரோ தெல்லா விஞா. 1249-இல் துரோகக் குற்றம்சாட்டி அவரைச் சிறைப்பிடித்தார்கள், கண்களைக் குருடாக்கினார்கள். சிறையிலேயே அவர் உயிர் போயிற்று. தற்கொலை என்றே அக்காலத்தார் கருதினார்கள். தாந்தேயும் தம் காவியத்தில் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கான நரக வட்டத்தில் அவரை நிறுத்தினார். குற்றம் உண்மையா என்பதில் இன்றும் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வல்லூறின் இமைகளைத் தைப்பதற்கு மாற்றாகத் தலையுறையை ஐரோப்பாவில் பரப்பிய மனிதரின் ஆட்சியில்தான் இது நடந்தது.

அதே ஆண்டு மே மாதம் ஃபோசால்தா போரில் மற்றொரு மகன் என்ஸோ பொலோஞா நகரத்தாரிடம் சிக்கினான். 1272-இல் இறக்கும்வரை சிறையிலேயே இருந்தான். 1250 டிசம்பர் 13 அன்று தென் இத்தாலியின் ஃபியோரென்டினோ கோட்டையில் பிரெடரிக் இறந்தார். பலெர்மோ பேராலயத்தில் செந்நிறக் கல் பேழையில் அவர் உடல் வைக்கப்பட்டது. மன்ஃபிரெட் 1266-இல் பெனவென்டோ போர்க்களத்தில் ஆன்ஷூ சார்லஸின் படையிடம் வீழ்ந்தார். பேரன் கான்ராடினை 1268-இல் நேப்பிள்ஸில் அதே சார்லஸ் தலைவெட்டிக் கொன்றார். பதினெட்டே ஆண்டுகளில் வம்சத்தின் அரசு முடிந்தது. நூல் மட்டும் வாழ்கிறது.

பறவையிடம் பொறுமை காட்டியவர் மனிதரிடம் ஏன் காட்டவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். வல்லூறு அவரை விட்டுப் பறந்துவிட முடியும். ஒவ்வொரு வேட்டையிலும் அந்த வாய்ப்பு பறவைக்குத் தரப்படுகிறது. எனவே அதன் விருப்பத்தை அவர் மதித்தே தீர வேண்டியிருந்தது. சுல்தான் அல்-கமீலையும் அவரால் கட்டாயப்படுத்த இயலாது. அங்கேயும் மதிப்பு பிறந்தது. மகனும் அமைச்சரும் லூசேராவின் குடிகளும் அப்படியல்லர். அவர்களுக்குப் பறந்துபோக வானம் இல்லை. ஆளப்படுவோருக்கு விலகிச் செல்லும் உரிமை இல்லாத இடத்தில், ஆள்பவரின் நற்குணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதையே இந்த வாழ்க்கையிலிருந்து நான் தெரிந்துகொள்கிறேன். எவ்வளவு கற்றவராயினும், எவ்வளவு நுண்ணிய மனம் படைத்தவராயினும் இதில் விலக்கு இல்லை.

வல்லூறு வேட்டையை நான் போற்றி எழுதவில்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளைப் பிடிப்பதைத் தடுக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். உலகின் பிற பகுதிகளில் இக்கலை இன்றும் தொடர்கிறது. 2010-இல் பதினொரு நாடுகளின் முன்மொழிவை ஏற்று, யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் கலாசார மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. காலில் கட்டிய மணியோடு இப்போது வானொலி அலைபரப்பியும் சேர்ந்திருக்கிறது.

கால்வாரிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பழைய கால்வாரின் நுனியில், சுழல் வளையத்தைக் கோப்பதற்காக ஒரு நீள்துளை இருக்கும். திரும்பி வராமல் காட்டுக்குள் போய்விட்ட பறவைக்கு அந்தத் துளையே எமனாகும். முள்ளிலோ கிளையிலோ மாட்டிக்கொண்டால் பறவை தலைகீழாகத் தொங்கி இறந்துவிடும். 20-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனைச் சேர்ந்த மேஜர் கை அய்ல்மர் இதற்கு ஒரு வழி கண்டார். காலைச் சுற்றி உலோகக் கண் பதித்த சிறிய தோல்பட்டை. அதன் வழியே தனியாகக் கோக்கும் வார். வேட்டைக்கு விடும்போது துளையில்லாத வாரைக் கோத்துவிடலாம். தொலைந்துபோன பறவை அலகால் இழுத்தால் வார் உருவிக்கொண்டு வந்துவிடும். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது இம்முறையையே.

பேரரசரின் நூலைவிட இந்தச் சிறு தோல்பட்டை ஓரடி முன்னே சென்றிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தம்மிடம் திரும்பாமலே போய்விடக்கூடிய பறவையின் உயிரையும் எண்ணிப் பார்த்து ஒருவர் அதைச் செய்திருக்கிறார். சட்டம் இயற்றுவோரும் நிறுவனங்களை நடத்துவோரும், ஏன், பிள்ளைகளை வளர்க்கும் நாமும் போடுகின்ற கட்டுகள் பல. நம்மோடு உடன்படாமல் விலகிச் செல்பவருக்கு அந்தக் கட்டு தீங்கு செய்யுமா என்று, போடுவதற்கு முன்பே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.